காயலான் கடையும் கிராமபோன் தட்டும்: பழைய இசைத்தட்டுச் சந்தையும் தமிழ்ப் பாட ஆராய்ச்சியும்

ஆய்வுச்சுருக்கம்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்ப் பாடலும் நாடக உரையாடலும் ஒலிவடிவில் நிலைபெற்ற ஊடகம் கிராமபோன் தட்டு. அத்தட்டுகள் ஆய்வாளர் கைக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் நூலகம் அன்று. பழம்பொருள் கடையும் நடைபாதைக் கடையும் காயலான் கடையுமே. எந்தத் தட்டு எஞ்சுகிறது, எது அழிகிறது, எஞ்சிய தட்டு தன்னோடு இருந்த எந்தச் சான்றுகளை வழியில் இழக்கிறது என்பவற்றைத் தீர்மானிப்பது இச்சந்தையே. எனவே பழைய தட்டு தேடுதல் என்பது பொழுதுபோக்குச் சேகரிப்பாக மட்டும் நில்லாமல், பாட ஆராய்ச்சியின் முதற்படியாகக் கொள்ளத்தக்கது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கிராமபோன் தட்டு, பழம்பொருள் சந்தை, மூர் மார்க்கெட், பாட்டுப் புத்தகம், பாட ஆராய்ச்சி, ஒலிச்சான்று.

முன்னுரை

ஓலைச்சுவடிப் பதிப்பு வரலாற்றைப் பேசுவோர் உ.வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று ஏடு தேடியதைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஏடு எந்த மடத்தில் கிடைத்தது, எவர் வீட்டுப் பரணில் இருந்தது, முதலும் இறுதியும் உள்ளனவா, எவர் எழுதிய படி என்பன பதிப்பாசிரியர் எழுப்பும் முதல் வினாக்கள். அச்சு நூலுக்கும் இவ்வினாக்கள் ஓரளவு எழுப்பப்படுகின்றன. ஒலித்தட்டுக்கு மட்டும் இவை எழுப்பப்படுவதில்லை. ஒரு பழைய பாடல் கேட்கக் கிடைத்துவிட்டால், அது எந்தத் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது, தட்டின் எண் யாது, மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று வினவாமலே ‘1930களில் பாடப்பட்டது’ என்னும் ஒருவரிக் குறிப்போடு அது ஆய்வேட்டில் சான்றாகிவிடுகிறது. இக்குறை சிறியதன்று. நாடகப் பாடல், இசைப்பாடல், தேசியப் பாடல், தொடக்ககாலத் திரைப்பாடல் ஆகியவற்றை ஆராய்வோர்க்கு இத்தட்டுகளே மூலப்படிகள்.

சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ (1981) நாடகம், திரைப்படம் ஆகியவற்றோடு கிராமபோன் தட்டையும் அரசியல் வரலாற்றுச் சான்றாகக் கொண்டது. ஸ்டீபன் ஹியூஸ் 2007இல் வெளியிட்ட கட்டுரை, தமிழ் நாடகத்திலிருந்து பேசும் படத்துக்குப் பாடல் சென்ற வழியில் கிராமபோனின் இடத்தை நிறுவியது. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்தியாவின் முதற்கால ஒலிப்பதிவுகளுக்கு எண்வாரியான அட்டவணைகள் தொகுத்தார். இவ்வாய்வுகளுக்கு அடித்தளமான தட்டுகள் எவ்வாறு எஞ்சின என்னும் பொருள் தனியே விரிவாகப் பேசப்பட வேண்டியது.

அரக்கும் வினைலும்

எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற கிராமபோன், உருளைக்கு மாற்றாகத் தட்டையான வட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் அத்தட்டு அரக்கால் ஆனது. அரக்குப் பூச்சியின் சுரப்பு இந்தியக் காடுகளிலிருந்தே உலகத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. அதனோடு கல்தூளும் கரித்தூளும் இழைப்பொருளும் கலந்து, வெப்பத்தில் இளக்கி, உலோக அச்சில் அழுத்தித் தட்டுகள் வார்க்கப்பட்டன. நடுவிலுள்ள காகித லேபிளும் அப்போதே சேர்த்து அழுத்தப்படும். பின்னர் ஒட்டப்படுவதன்று ஆதலால் தட்டையும் லேபிளையும் பிரிப்பது அரிது.

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒலிக்கும். 12 அங்குலத் தட்டு நான்கு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். இந்த அளவு தமிழ்ப் பாடலின் வடிவையே பாதித்தது. மேடையில் அரைமணி நேரம் விரியும் விருத்தமும் கீர்த்தனையும் தட்டில் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். சரணங்களுள் ஒன்று மட்டும் பாடப்படும். சில இடங்களில் இரு பக்கமாகப் பிரிக்கப்படும். ஆகவே தட்டில் ஓர் அடி இல்லாமையைக் கொண்டு அவ்வடி அக்காலத்து வழக்கில் இல்லை என முடிவு செய்தல் பிழையாகும்.

1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுநேரத் தட்டு வினைலால் ஆனது. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி கொண்டது. மக்கள் வழக்கில் அது ‘எல்.பி.’, 45 சுழற்சி கொண்ட சிறிய தட்டு ‘இ.பி.’. இவற்றின் வரவால் அரக்குத் தட்டு 1970ஐ ஒட்டி இந்தியாவில் வழக்கிழந்தது. அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். வினைல் தட்டு உடையாது, ஆனால் கீறும், வெயிலில் நெளியும். ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’ என்னும் வழக்குத்தொடர், சொன்னதையே சொல்பவரைக் குறித்து இன்றும் தமிழில் வாழ்கிறது. தட்டுகள் அருகிய பின்னரும் ‘ரிக்கார்டு டான்ஸ்’ என்னும் தொடர் திருவிழாக்களில் நின்றுவிட்டதும் இவ்வகையினதே.

தட்டு சந்தைக்கு வரும் வழி

பிரிட்டனில் பழைய தட்டு தேடுவோர் முதலில் செல்லுமிடம் அறக்கட்டளைக் கடை. ஆக்ஸ்ஃபாம் போன்ற தொண்டு அமைப்புகள் நடத்தும் இக்கடைகளுக்குப் பொருள் கொடையாக வருகிறது. பெரியவர் ஒருவர் மறைந்தபின் அவர் வீட்டார் தட்டுகளைப் பெட்டியோடு கொண்டு சென்று கொடுப்பர். உறையும் உள்தாளும் சில வேளைகளில் வாங்கிய சீட்டும்கூடப் பெட்டியில் இருக்கும். கொடுப்பவர் அது மீண்டும் கேட்கப்படும் என்று கருதிக் கொடுக்கிறார்.

தமிழ்நாட்டில் இத்தகைய கடை பரவலாக இல்லை. வீடு இடிக்கும்போதோ பாகப்பிரிவினையின்போதோ வெளிவரும் தட்டு, பழைய பேப்பர்க்காரர் வண்டியிலோ காயலான் கடையிலோ சேர்கிறது. காயல்பட்டினத்து வணிகரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் இச்சொல், பழைய இரும்பையும் உலோகத்தையும் எடைக்கு வாங்கும் கடையைக் குறிக்கும். இங்கு மதிப்பு எடையால் அமைகிறது. கிராமபோன் பெட்டியின் பித்தளைக் குழலுக்கு எடைவிலை உண்டு. பெட்டியின் மரத்துக்குச் சிறிதளவு உண்டு. அரக்குத் தட்டுக்கு இல்லை. அதை உருக்கி விற்க வாங்குவாரில்லை. குழல் தராசில் ஏறத் தட்டுகள் குப்பையில் சேர்வது இதனால்தான். அறக்கட்டளைக் கடைக்கும் காயலான் கடைக்கும் உள்ள இவ்வேறுபாடு வணிகமுறை வேறுபாடு மட்டுமன்று. எந்தச் சான்று எஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு.

எடைக்கடைக்குச் செல்லாத தட்டுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று பழம்பொருள் கடை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் மரச்சாமான்கள், எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா அச்சுப்படங்கள் ஆகியவற்றிடையே தட்டுகளும் கிடக்கின்றன. ஏவி. மெய்யப்பன் தம் தந்தையாரின் காரைக்குடிக் கடையில் கிராமபோன் தட்டு விற்பனையைச் சேர்த்து வளர்த்தவர். 1930களின் தொடக்கத்தில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் முத்திரைத் தட்டுகளை வெளியிடும் நிலைக்கு உயர்ந்தவர். புதிய தட்டு விற்ற ஊரிலேயே அதே தட்டு பழம்பொருளாக விற்கப்படுகிறது. இக்கடைகளில் தட்டைத் தேடி வருவோரைவிடக் குழல் வைத்த பெட்டியைத் தேடி வருவோர் மிகுதி. அவர்களுக்கென்றே புதிதாகச் செய்து பழமை பூசப்பட்ட பெட்டிகளும் விற்கப்படுகின்றன. அத்தகைய பெட்டியின் மேல் காட்சிக்கு வைக்கப்படும் தட்டு உண்மையானதாக இருக்கும் என்பதே ஆய்வாளருக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல்.

இரண்டாவது வழி ஒலிபெருக்கி நிலையம். ‘சவுண்டு சர்வீஸ்’ என்றும் ‘மைக் செட்’ என்றும் வழங்கும் இத்தொழில் நடத்தியோர் திருமணம், காதுகுத்து, கோயில் கொடை ஆகியவற்றுக்குத் தட்டுகளை ஒலிக்கச் செய்தனர். ஒலிநாடா வந்தபின் அவர்கள் சேமிப்பு மொத்தமாகக் கைமாறியது. எல்.பி., இ.பி. தட்டுகளில் நிலையத்தின் பெயரும் வரிசை எண்ணும் பெயின்ட்டால் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சேகரிப்போர் இவற்றை விலை குறைந்தவையாகக் கருதுவர். ஓயாது ஒலித்துத் தேய்ந்தவை என்பது உண்மையே. எனினும் ஓர் ஊரின் திருவிழாவில் எது ஒலித்தது என்பதற்கு இவற்றைப்போல நேர்ச்சான்று வேறில்லை. திருவிளையாடல் போன்ற படங்களின் கதை வசனத் தட்டுகளில் எந்தப் பக்கம் மிகுதியாகத் தேய்ந்துள்ளது என்பதுகூட ஒரு செய்தியே.

மூர் மார்க்கெட்

சென்னையில் பழம்பொருள் தேடலுக்கு ஒரு காலத்தில் பெயர்பெற்ற இடம் மூர் மார்க்கெட். 1900இல் திறக்கப்பட்ட இக்கட்டடம், மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர் தாங்கியது. பழைய புத்தகமும் பழைய தட்டும் ஒரே கூரையின் கீழ் விற்கப்பட்டன என்பது பாட ஆராய்ச்சி நோக்கில் முக்கியமானது. காரணம் பின்னர் விளங்கும். 1985 மே 30 அன்று கட்டடம் தீக்கிரையாயிற்று. கடைகள் அருகிலுள்ள புதிய வளாகத்துக்கும் நகரின் பிற நடைபாதைகளுக்கும் சிதறின. பழைய இடம் புறநகர் ரயில் முனையமாயிற்று. ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்னும் பெயர் ரயில் கால அட்டவணையில் மட்டும் தங்கியுள்ளது.

தனியார் சேகரிப்பே பழந்தட்டுகள் எஞ்சுவதற்குப் பெருங்காரணம். இசை, நடன விமரிசகரான வி.ஏ.கே. ரங்காராவ் திரட்டிய பல்லாயிரம் 78 சுழற்சித் தட்டுகள் தனிமனித முயற்சி எட்டக்கூடிய அளவுக்கு எடுத்துக்காட்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப்பின் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. பிறர் தூக்கியெறிந்த துண்டு வெளியீடுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் அவர் தொகுத்திராவிடில் கிராமபோன் காலத் தமிழைப் பற்றி இன்று பேச இயலாத பகுதிகள் பல இருந்திருக்கும். மும்பையில் 1990இல் தொடங்கப்பட்ட இந்தியத் தட்டுச் சேகரிப்போர் சங்கம் இம்முயற்சிகளை ஒருங்கிணைக்க முயன்றது. இவை அனைத்தும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிகழ்ந்தவை என்பதைத் தமிழ்த்துறைகள் நினைவிற்கொள்வது நல்லது.

லேபிளும் இரு எண்களும்

ஓலைச்சுவடியின் இறுதியில் எழுதினவர் பெயரும் ஆண்டும் திதியும் காணப்படுவதுண்டு. 78 சுழற்சித் தட்டின் லேபிளில் ஆண்டு பொதுவாக இராது. பாடியவர் பெயர், பாடலின் தொடக்கம், இராகம், தாளம், மொழி, நிறுவனச் சின்னம், எண் ஆகியவையே இருக்கும். காலத்தை வேறு வழிகளால் கணிக்க வேண்டும். அதற்குத் துணைபுரிவன இரு எண்கள்.

லேபிளில் அச்சிட்ட எண் பட்டியல் எண்; விற்பனைக்கானது. லேபிளுக்கும் ஒலிவரிக்கும் இடைப்பட்ட வழுவழுப்பான வளையத்தில், அரக்கிலேயே பதிந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் எண் மற்றொன்று. அது ஒலிப்பதிவின் போதே இடப்பட்ட அச்சு எண். ஒரே ஒலிப்பதிவு பின்னர் வேறு பட்டியல் எண்ணில், வேறு லேபிளில், விலை குறைந்த வரிசையில் மறுபடி வெளிவரக்கூடும். அப்போது பட்டியல் எண் மாறும், அச்சு எண் மாறாது. ஒரே பாடலை ஒருவரே இருமுறை பாடியிருந்தால் இரண்டுக்கும் அச்சு எண்ணோ அதன் பின்னொட்டோ வேறுபடும். மூலப்படிக்கும் பதிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பாடபேதம் என்று தோன்றுவது உண்மையில் வேறு ஒலிப்பதிவா, அன்றிக் கேட்பவரின் செவிப்பிழையா என்பதை இவ்வெண்ணைக் கொண்டே துணிய முடியும்.

தொடக்ககாலத் தட்டுகளில் மற்றொரு சான்றும் உண்டு. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் தொடங்கிய ஒலிப்பதிவுகளும், அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் நிகழ்ந்தவையும் மெழுகில் பதிக்கப்பட்டு ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டன. 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கும்வரை தட்டுகள் அங்கேயே வார்க்கப்பட்டன. தமிழோ தெலுங்கோ அறியாத தொழிலாளர் எந்தத் தட்டுக்கு எந்த லேபிள் என அறிவதற்குத் துணையாகப் பாடகர் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் இருந்தது. இவ்வறிவிப்பு தொழிற்சாலைக்காகச் செய்யப்பட்டது. இன்றோ அக்காலப் பெண் கலைஞர்கள் தம்மை எவ்வாறு பெயரிட்டு அழைத்துக்கொண்டனர் என்பதற்கு அதுவே அவர்தம் குரலிலான சான்று. ரோமன் எழுத்தில் பலவாறாகத் திரிந்த பெயர்களைத் திருத்திக்கொள்ளவும் இது உதவும்.

சின்னமும் காலம் காட்டும். கிராமபோன் நிறுவனத்தின் முதற்காலத் தட்டுகளில் இறகு பிடித்த தேவதை உருவம். பின்னர்க் குழலின்முன் அமர்ந்த நாய். பிரான்சிஸ் பாரோ வரைந்த இந்த நாயே மக்கள் வாயில் ‘நாய் மார்க்’ ஆயிற்று. ஒருபக்கத் தட்டு 1908ஐ ஒட்டி இருபக்கத் தட்டாக மாறியதும், 1925இல் மின்னொலிப்பதிவு வந்தபின் குரலின் நுண்மை கூடியதும் காலக்கணிப்புக்கு உதவுவன. லேபிளின் ஓரத்தில் ஒட்டப்பட்ட விற்பனையாளர் சிட்டை பலராலும் கவனிக்கப்படாதது. மதுரை, திருச்சி, கொழும்பு, பினாங்கு என்று கடையின் ஊர்ப்பெயர் தாங்கும் இச்சிறு தாள், அத்தட்டு முதலில் எங்கு விற்றது என்பதைச் சொல்கிறது. லேபிளை அழகுபடுத்துவதாக எண்ணி அதைச் சுரண்டி எடுப்பது ஏட்டின் இறுதிக்குறிப்பைக் கிள்ளி எறிவதற்கு ஒப்பு.

ஒரு தட்டைச் சரியாக இனங்காண்பதால் விளையும் பயனுக்குக் கோயம்புத்தூர் தாயியின் தட்டு எடுத்துக்காட்டாகும். பழனிக்குஞ்சரம் என்னும் இயற்பெயர் கொண்ட தாயி (1872–1917) ஏராளமான தட்டுகளில் பாடியவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் அவருடைய தட்டைக் கேட்டு ஈர்க்கப்பட்டார். அவரது ‘ராகமாலிகா’ என்னும் படைப்பு பெரும்பாலும் தாயியின் ஒரு தட்டையே ஐரோப்பிய இசைக்குறியில் வார்த்தது என்பதை இசை வரலாற்றாய்வாளர் ஜேன் பாஸ்லர், தட்டையும் இசைக்குறியையும் ஒப்பிட்டுக் காட்டினார். தாளக்கருவியின் ஒலிக்காகப் பியானோவின் ஒரு தந்தியை அட்டையால் அடைக்கும்படி தெலாழ் அதில் குறித்துள்ளார். தட்டு கைக்கு எட்டாதிருந்தால் அப்படைப்பு ‘கீழைநாட்டுச் சாயல்’ என்ற பொதுச்சொல்லோடு நின்றிருக்கும். தாயியின் பெயர் அங்கு எழுந்திராது.

தட்டும் பாட்டுப் புத்தகமும்

குழல்முன் நின்று பாடிய முற்காலப் பதிவுகளில் சொற்கள் தெளிவாகக் கேளா. வல்லினம் மங்கும், ஈற்றெழுத்து இசையில் கரையும். இதனை நிறைவுசெய்யப் பதிப்பாளர்கள் கிராமபோன் பாட்டுப் புத்தகங்களை வெளியிட்டனர். தட்டில் பாடப்பட்ட பாடல்களின் சொல்வடிவம், பாடியவர் பெயர், சில வேளைகளில் தட்டின் எண் ஆகியவற்றோடு மலிவான தாளில் அச்சிடப்பட்ட இவை சில அணா விலையில் பரவின. ஒலியும் அச்சும் இணைந்த நிலையிலேயே இப்பாடம் முழுமை பெறுகிறது. ஆயினும் இரண்டும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. புத்தகத்தில் மூன்று சரணம் இருக்கத் தட்டில் ஒன்றே இருக்கும். தட்டில் பாடகர் இடையே சேர்த்த சொல் புத்தகத்தில் இராது. இவ்வேறுபாடுகளே நாடக மேடை வழக்குக்கும் ஒலிப்பதிவு அறைக்கும் இடையே நிகழ்ந்ததைக் காட்டுவன.

பழம்பொருள் சந்தை இவ்விணையைப் பிரிக்கிறது. தட்டு தட்டுக் கடைக்கும், புத்தகம் புத்தகக் கடைக்கும் செல்கின்றன. வாங்குவோரும் வேறு. மூர் மார்க்கெட்டில் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்த காலத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த தட்டும் புத்தகமும் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்க வாய்ப்பிருந்தது. தீ விபத்து எரித்த பொருளைவிட, அதன்பின் பிரிந்துபோன இந்த அண்மையே பாட ஆராய்ச்சிக்குப் பேரிழப்பு எனலாம்.

காலம் அறியப்படாத தட்டு எவ்வளவு இடர்ப்பாடு தரும் என்பதைப் பாரதி பாடல்களைக் கொண்டு உணரலாம். பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை சுராஜ்மல் நிறுவனத்தின் ஜேசிங்லால் மேத்தாவிடமிருந்து ஏவி. மெய்யப்பனுக்கு வந்து, 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளைப் பொதுவுடைமையாக்கியபோது அரசுக்கு அளிக்கப்பட்டது. இவ்வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியுள்ளார். பாரதி பாடலுள்ள ஒரு பழைய தட்டு கிடைத்தால், அது உரிமை தனியாரிடம் இருந்தபோது வெளியானதா, பின்னரா என்னும் வினா உடனே எழுகிறது. லேபிளில் ஆண்டு இல்லை. அச்சு எண்ணும் பட்டியல் எண்ணும் நிறுவனத்தின் மாதப் பட்டியல்களும் இதழ் விளம்பரங்களுமே விடை தருவன.

எஞ்சுவனவும் எஞ்சாதனவும்

மிகுதியாக விற்ற தட்டு இன்று எளிதில் கிடைக்கும். ஆனால் தேய்ந்து கிடைக்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு இதற்குப் பெயர்பெற்றது. எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்பது விதி. சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பலமுறை ஓட்டிய வீடுகளில் ஒலிவரிகள் நரைத்துப்போயின. விற்காத தட்டோ அரிதாகவே கிடைக்கும். கிடைத்தால் கருமை மாறாதிருக்கும். இதனால் ஒரு சேகரிப்பில் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மக்கள் விருப்பை அளப்பதில் எச்சரிக்கை வேண்டும்.

சேகரிப்போரின் சுவை மற்றொரு சல்லடை. கருநாடக இசைக்கும் திரைப்பாடலுக்கும் வாங்குவோர் உண்டு. 1906இல் பிறந்து 1933இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடித்தவரல்லர். அவர் குரல் தட்டில் மட்டுமே உள்ளது. ஆகவே அவர் தட்டுகள் போற்றப்பட்டன. நகைச்சுவை உரையாடல், கிறித்தவக் கீர்த்தனை, இசுலாமியப் பாடல், கட்சிப் பிரச்சாரப் பாடல் ஆகியவை அவ்வாறு போற்றப்படவில்லை. நாகூர் இ.எம். ஹனிபாவின் இசுலாமியப் பாடல்களும் திராவிட இயக்கப் பாடல்களும் பரவிய அளவுக்கு அவற்றின் முதல் தட்டுகள் பேணப்பட்டனவா என்பது ஆராயத்தக்கது. நாடக செட்டுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒரு நாடகம் பல தட்டுகளாக வெளியாகி ஒரு செட்டாக விற்கப்பட்டது. அதில் ஒன்று உடைந்தால் கதையின் இடைப்பகுதி போயிற்று. விற்பவர் எஞ்சியவற்றைத் தனித்தனியே விற்றுவிடுவார். ஏடு முறிந்த சுவடியை ஆய்வாளர் புறக்கணிப்பதில்லை. செட்டு முறிந்த நாடகத்துக்கும் அந்த இடம் தரப்பட வேண்டும்.

தொடக்ககாலத் திரைப்பாடலுக்குத் தட்டின் முக்கியத்துவம் மேலும் கூடுதல். 1931இல் வெளியான ‘காளிதாஸ்’ உட்பட அக்காலப் படங்கள் பலவற்றின் படச்சுருள் கிடைக்கவில்லை. தட்டுக்கான பாடல் பெரும்பாலும் படத்துக்கு வெளியே, கிராமபோன் நிறுவன அறையில் தனியே பதிக்கப்பட்டது. தட்டு படத்தின் நகலன்று என்பதை மறந்து, தட்டில் உள்ளதே படத்தில் ஒலித்தது என்று எழுதும் போக்கு திரை ஆய்வுகளில் உள்ளது.

அழிவுக்குப் போரும் ஒரு காரணம். இரண்டாம் உலகப்போரின்போது இந்திய அரக்கின் வரவு குறைய, அமெரிக்காவில் 1942இல் தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாடு கடுமையாகக் குறைக்கப்பட்டது. பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று அரைத்துப் புதியவை வார்க்கும் நிலை வந்தது. அங்ஙனம் அரைக்கப்பட்டவற்றுள் அடங்கியவை யாவை என்பதற்குக் கணக்கில்லை.

வாங்குமிடத்தில் கவனிக்க வேண்டியவை

கடையில் தட்டைக் கையிலெடுத்ததும் ஆய்வாளர் முதலில் செய்ய வேண்டியது துடைப்பதன்று, குறிப்பெடுப்பது. எந்த ஊர், எவ்வகைக் கடை, எந்தத் தட்டுகளோடு சேர்ந்து கிடந்தது, உறையில் எவர் பெயர் உள்ளது என்பன அந்நேரத்தில் எழுதப்படாவிட்டால் பின்னர்க் கிடைக்கா. ஒரே கட்டாகக் கிடந்த இருபது தட்டுகள் ஒரு குடும்பத்தின் கேள்விச்சுவையைக் காட்டும்; அவற்றுள் விரும்பிய மூன்றை மட்டும் எடுத்துச் செல்வது, தனிப்பாடல் திரட்டுக்காகச் சுவடிக்கட்டைப் பிரிப்பது போன்றது. இயலுமாயின் முழுக்கட்டையும் வாங்குவதும், இயலாதாயின் எல்லா லேபிள்களையும் படமெடுத்துக்கொள்வதும் நன்று.

தட்டை ஒளியில் சாய்த்துப் பார்த்தால் நரைத்த வரிகள் புலப்படும். விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் மயிரிழை விரிசலை நகத்தால் தடவி உணரலாம். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தல் கூடாது. அரக்கு அதில் கரையும். வினைல் தட்டைத் துடைக்கும் முறையை அரக்குக்கும் கையாண்டு, ஒலிவரியையே அழித்துவிடுவோர் உள்ளனர். அரக்குத் தட்டுக்கு அகன்ற ஊசி வேண்டும், எல்.பி.க்குரிய நுண்ணூசி ஒலிவரியின் அடியில் உரசி இரைச்சலையே எழுப்பும். மாறாக, கிராமபோனின் எஃகு ஊசி எல்.பி.யின் மேல் ஒருமுறை ஓடினாலே அது பாழ்.

எண்ணிம வடிவாக்கும்போது இரைச்சல் நீக்கப்படாத படி ஒன்றை மாற்றாமல் வைத்தல் இன்றியமையாதது. இரைச்சலை நீக்கும் மென்பொருள் ‘ச’, ‘ஸ’ போன்ற உரசொலிகளையும் சேர்த்து நீக்கக்கூடும். ஒலிப்பு வரலாற்றை ஆராய்வோர்க்கு அவையே தேவை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை அது வெளியான ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். பாடலாசிரியரின் உரிமை தனி, அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, பொதுவெளியில் தரத்தக்க பழம்பதிவுகளையும் பூட்டி வைத்திருக்கும் தயக்கம் நிறுவனங்களிடம் காணப்படுகிறது.

உடைந்த தட்டுகளை விற்பவர் பொதுவாக விலை பேசுவதில்லை. வாங்கும் கட்டோடு இலவசமாகத் தந்துவிடுவார், அல்லது ஒதுக்கிவிடுவார். அவற்றையும் விடாது எடுத்துக்கொள்ள வேண்டும். லேபிள் உள்ள துண்டு ஒன்றே பட்டியல் எண்ணையும் அச்சு எண்ணையும் தந்து, எண் வரிசையில் உள்ள ஓர் இடைவெளியை நிரப்பக்கூடும். துண்டுகள் முழுமையாக இருப்பின் ஒலியையும் மீட்க வழியுண்டு: அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழுவினர் உருவாக்கிய ‘ஐரீன்’ என்னும் கருவி, ஊசி படாமல் ஒலிவரியை ஒளிப்படமாக எடுத்து, உடைந்த தட்டின் பகுதிகளைக் கணினியில் பொருத்தி ஒலியாக்குகிறது. அத்துண்டுகளை ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனித் தாளில் சுற்றி, ஒரு தட்டின் துண்டுகளை ஒரே உறையிலிட்டு, கிடைத்த ஊரையும் நாளையும் உறையின் மேல் எழுதி வைத்தல் போதுமானது.